நான் அழுத்தியது ப்ளே பட்டன்!

மேடையில் டிஜேவாகப் பாட்டு கலந்துகொண்டிருக்கிறேன், லேப்டாப்புக்கு அப்டேட் வந்திருக்கிறதாம். இப்போதே ரீஸ்டார்ட் செய்யவா என்று கேட்கிறதாம். எப்போது கேட்கிறது? ஓடுகிற பாட்டு முடிய இன்னும் 16 பீட்தான் இருக்கிறது, அடுத்த பாட்டு ஹெட்ஃபோனில் அட்டகாசமாகக் கூடி வந்து நிற்கிறது, எதிரில் ஆட்கள் கையைத் தூக்கி ஆடிக்கொண்டிருக்கிறார்கள், அந்த நொடி பார்த்துக் கேட்கிறது. சரி, கேட்டுத் தொலையட்டும். நான் பதில் சொன்னேனா? வாயே திறக்கவில்லை. என் கையில் இருந்த கேம் கன்ட்ரோலர் எனக்காகப் பதில் சொல்லிவிட்டது. ஆமாம், உடனே அணைத்துவிடு என்று.

கேம்பேட் வைத்து டிஜே மென்பொருள் ஓட்டுகிறவர்களுக்கு இது எப்படி நடந்திருக்கும் என்று இந்நேரம் புரிந்திருக்கும். பெரும்பாலான டிஜே மென்பொருட்கள் கேம்பேடை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மிடி (இசைக்கருவிகள் கம்ப்யூட்டரோடு பேசும் மொழி) கொண்டு வா, இல்லாவிட்டால் கீபோர்டு கொண்டு வா என்கின்றன. அதனால் ஜாய்டுகீ, ஆன்டிமைக்ரோஎக்ஸ் மாதிரி ஒரு மாற்றி மென்பொருளை நடுவில் உட்கார வைக்கிறோம். ஏ பட்டனை அழுத்தினால் அது ஸ்பேஸ் பாரைத் தட்டும், டி-பேடை, அதாவது திசைப் பட்டனை, அழுத்தினால் அம்புக்குறியைத் தட்டும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை யாரோ கீபோர்டில் தட்டுகிறார்கள், அவ்வளவுதான். அந்தத் தட்டல் யாருக்குப் போய்ச் சேரும்? எந்த விண்டோ முன்னால் நிற்கிறதோ அதற்கு. டிஜே மென்பொருளுக்குத்தான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இப்போது அந்தச் சில நொடிகளுக்கு வருகிறேன். நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

நான் திரையைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை, அதற்காகத்தானே கையில் கன்ட்ரோலர்! லேப்டாப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளாமல், ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே வாசிக்கலாம் என்பதுதானே இதன் மொத்த சுகமும்! நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெட்டி திரையில் முளைத்திருக்கிறது. பாவம், அந்தப் பெட்டிகூட நல்ல பெட்டிதான். அதில் முதலில் தேர்வாகி நின்றது "அப்புறம் பார்க்கலாம்" என்ற பட்டன். அப்படியே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் என் கட்டைவிரல் டி-பேடில் வலப்பக்கம் அழுத்தியது. அது பாட்டை நாலு பீட் முன்னால் தள்ள நான் வைத்திருந்த அழுத்தல். அது பாட்டைத் தள்ளவில்லை. "அப்புறம் பார்க்கலாம்" மேல் இருந்த தேர்வை நகர்த்தி "இப்போதே" மேல் கொண்டுபோய் வைத்தது. பாட்டு தாவவில்லையே என்று எனக்கு ஒரு நெருடல். சரி, ஏதோ தாமதம், நேரமில்லை, டிராப், அதாவது பாட்டு வெடிக்கிற இடம், வரப்போகிறது, அடுத்த பாட்டு நிற்கும் இரண்டாவது டெக்கைத் தட்டிவிடலாம் என்று ஏ பட்டனை அழுத்தினேன். ப்ளே! நான் அழுத்தியது ப்ளே! அந்தப் பெட்டிக்குப் போனது ஸ்பேஸ். தேர்வாகி நின்ற பட்டனை ஸ்பேஸ் அழுத்தியது. ஓடிக்கொண்டிருந்த பாட்டு பாதி வார்த்தையில் அறுந்தது. தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன. அப்புறம் அந்த நீலத் திரை, சுற்றிச் சுற்றி வரும் புள்ளிகள், அணைத்துவிடாதீர்கள் என்று ஒரு வேண்டுகோள். நானா அணைக்கிறேன்? அணைத்தது யார்?

ஆட வந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? இவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றுதான். சரியான இடத்தில், சரியான பீட்டில், சரியான பட்டனை அழுத்தியவனுக்குக் கிடைத்த பெயர் அது. இதை என்னால் விடவே முடியவில்லை.

இதைச் சொன்னதும் ஒருத்தர் தவறாமல் வந்து, ஏன் கீபோர்டாக மாற்றுகிறாய், மிடியாக மாற்ற வேண்டியதுதானே என்பார். மாற்றிப் பார்த்தாயிற்று ஐயா! அதற்குக் கேம்பேடைப் படிக்க ஒன்று, மிடியாக்க ஒன்று, மிடி ஓடுவதற்கு லூப்மிடி மாதிரி ஒரு பொய்யான போர்ட். இதில் எது முதலில் திறக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரிசை வேறு. மாற்றித் திறந்தால் மென்பொருள் போர்ட்டே இல்லை என்கிறது. முன்னால் நிற்கும் விண்டோவுக்கே தட்டல் போகிற ஃபோகஸ் தொல்லை போனது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். பதிலுக்கு என்ன பறிபோனது தெரியுமா?

மிடி 1983இல் வந்த தரம். அதில் ஒரு சாதாரண கன்ட்ரோல் அனுப்பக்கூடிய எண் 0 முதல் 127 வரை. விண்டோஸ் கன்ட்ரோலரைப் படிக்கும் எக்ஸ்இன்புட் வழியாக வரும் ஸ்டிக்கின் மதிப்போ -32768 முதல் 32767 வரை போகிறது. அதாவது 65,536 எண்களை 128க்குள் அமுக்குகிறார்கள். 512 எண்களுக்கு ஒன்று! ஸ்டிக்கை பிட்சுக்கு, அதாவது பாட்டின் வேகத்துக்கு, வைத்து, கூட்டல் கழித்தல் 8 சதவீதம் என்று வரம்பு போட்டால் ஒவ்வொரு படியும் கிட்டத்தட்ட 0.126 சதவீதம். 128 பீபிஎம், அதாவது நிமிடத்துக்கு 128 பீட், பாட்டில் அது சுமார் 0.16 பீபிஎம். இந்தப் படியில் நின்றால் பின்தங்குகிறது, அடுத்த படிக்குப் போனால் முந்துகிறது, நடுவில் நிற்க இடமே கிடையாது. இரண்டு செய்திகளைச் சேர்த்து 16,384 படிகள் அனுப்ப மிடியிலேயே வழி இருக்கிறது. ஆனால் நடுவில் நிற்கும் மென்பொருளும் அதை அனுப்ப வேண்டும், டிஜே மென்பொருளும் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றாக அமைகிற இடத்தைத் தேடுவதற்குள் ராத்திரியே முடிந்துவிடுகிறது.

அடுத்து டெட்ஸோன். யாருக்கும் சொல்லாமல் நடக்கிற திருட்டு இது. எக்ஸ்இன்புட் ஆவணத்தில் இடது ஸ்டிக்குக்குப் பரிந்துரைக்கும் டெட்ஸோன் 7849. முழு நீளம் 32767. கிட்டத்தட்ட கால் பங்கு தூரம் ஸ்டிக்கை அசைத்தாலும் அசைத்ததாகவே எடுத்துக்கொள்ளாதே என்று அர்த்தம். விளையாட்டில் இது நியாயம்தான், கை எடுத்த பிறகும் கதாபாத்திரம் தானாக நடந்துபோனால் யாருக்குப் பிடிக்கும்? ஆனால் பாட்டு ஓர் இழை பின்தங்கும்போது அதை லேசாக, மிக லேசாக முன்னால் தள்ள வேண்டும். அந்த லேசான அசைவு முழுக்க இந்தக் கால் பங்குக்குள்தான் இருக்கிறது! அதைத்தான் வெட்டி எறிகிறார்கள். கொஞ்சம் தள்ளினால் ஒன்றும் நடக்காது, இன்னும் கொஞ்சம் தள்ளினால் பாட்டு தடாலென்று பாய்கிறது. டெட்ஸோனைப் பூஜ்யமாக்கினால், தேய்ந்துபோன ஸ்டிக் தானே நகர்ந்து பாட்டை இழுக்கிறது. மென்பொருள் செய்கிறவர்கள் ஒரு சின்ன வளைகோடு போட்டுக் கொடுத்தால் பாதி தீரும். போட மாட்டார்கள்.

ட்ரிகர் கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கன்ட்ரோலரிலேயே அருமையான உறுப்பு ஆள்காட்டி விரலால் அழுத்தும் அந்த இரண்டு ட்ரிகர்கள்தான். 0 முதல் 255 வரை, விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப. இடது ட்ரிகர் ஒரு டெக்கின் ஒலியை வடிகட்டும் ஃபில்டர், வலது ட்ரிகர் மறு டெக்கின் ஃபில்டர், இரண்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டே போய் ஒரே நேரத்தில் விடலாம் என்று எத்தனை ஆசை! எக்ஸ்பாக்ஸ் வகைக் கன்ட்ரோலரைப் எக்ஸ்இன்புட்டுக்கு முந்தைய பழைய டைரக்ட்இன்புட் வழியாகப் படித்தால் இரண்டு ட்ரிகரும் ஒரே அச்சில் வருகின்றன. ஒன்று ஒரு பக்கம் இழுக்கும், மற்றது மறுபக்கம் இழுக்கும். இரண்டையும் முழுதாக அழுத்தினால் நடுவில் போய் நிற்கும், இரண்டையும் தொடாதபோது எங்கே நிற்குமோ அதே இடத்தில். நரம்பு தெறிக்க இரண்டு விரலாலும் அழுத்திக்கொண்டிருக்கிறேன், கம்ப்யூட்டர் யாருமே தொடவில்லை என்கிறது. பழைய வழியில் படிக்கிற மாற்றிகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. எது எந்த வழியில் படிக்கிறது என்று வெளியே எழுதி ஒட்டியாவது வைக்கக் கூடாதா?

கேம்பேடே இதற்கு ஆகாது, ஸ்டிக் ஸ்ப்ரிங்கில் நடுவுக்குத் திரும்பிவிடும், ஒரு பாட்டிலிருந்து மறு பாட்டுக்கு ஒலியை மாற்றும் க்ராஸ்ஃபேடர் விட்ட இடத்தில் நிற்காது என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். திரும்பட்டும்! தள்ளினால் நகர வேண்டும், விட்டால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும், இன்னும் வேகமாகத் தள்ளினால் வேகமாக நகர வேண்டும். இப்படி ஒரு விதி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஸ்ப்ரிங் உள்ள ஸ்டிக்கை வைத்து விமானம் ஓட்டுகிறார்கள், கார் ஓட்டுகிறார்கள். ஒரு கோட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகிற க்ராஸ்ஃபேடரை ஓட்ட முடியாதா?

விளையாட்டு உலகம் இந்தப் பக்கம் எப்போதோ வந்தாயிற்று. 1997இல் கொனாமியின் பீட்மேனியா ஆர்கேடில் ஐந்து பட்டனும் ஒரு டர்ன்டேபிளும் இருந்தன. 2009இல் வந்த டிஜே ஹீரோவுக்குச் சுழலும் தட்டு, தட்டின் மேலேயே மூன்று பட்டன், பக்கத்தில் க்ராஸ்ஃபேடர், எஃபெக்ட் குமிழ் எல்லாம் வைத்துச் செய்தார்கள். பொம்மையாகவே இருக்கட்டும், அதில் நிஜமான க்ராஸ்ஃபேடர் இருக்கிறது! அதையும் ஸ்டிக்காக வேஷம் போட்டு, கீபோர்டாக வேஷம் போட்டு, மிடியாக வேஷம் போட்டுத்தான் உள்ளே நுழைக்க வேண்டியிருக்கிறது. இது ஓரவஞ்சனை இல்லாமல் வேறென்ன?

முடியாத காரியம் என்றால் விட்டுவிடுவேன். இலவச மென்பொருளான மிக்ஸ், பெயரில் மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்களே அது, ஹெச்ஐடி (கீபோர்டு, மவுஸ், கேம்பேட் வகை) கருவிகளை நேரடியாகவே படிக்கிறது. நடுவில் ஆள் கிடையாது, எந்தப் பெட்டி முன்னால் வந்து நின்றாலும் ப்ளே என்றால் ப்ளேதான். எந்த பைட்டில் எந்த பிட் எந்தப் பட்டன் என்று நாமே கண்டுபிடித்து ஜாவாஸ்கிரிப்டில் எழுத வேண்டும், அதற்குக் கண் பூத்துவிடும், ஆனாலும் எழுதலாம். காசு வாங்காதவர்கள் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். மாதாமாதம் காசு வாங்குகிறவர்களுக்கு என்ன கேடு?

நானும் அந்த வழிக்கே போய்விடலாம் என்று கன்ட்ரோலரை ஒயரில் மாட்டி உட்கார்ந்தேன். விளக்கு எரிகிறது, சார்ஜ் ஏறுகிறது, கம்ப்யூட்டரோ எதுவும் மாட்டவில்லை என்கிறது. ஏனென்றால் அது சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளாம்! டேட்டா ஒயரே உள்ளே கிடையாதாம்! பார்க்க அச்சு அசலாக மற்ற கேபிள் மாதிரியே இருக்கிறது, அதே முனை, அதே கறுப்பு, ஒரு எழுத்துகூட அதன் மேல் இல்லை. யார் இதைத் தயாரிக்கிறார்கள்? எதற்குத் தயாரிக்கிறார்கள்? இரண்டு ஒயரை மிச்சம் பிடித்து அவர்கள் என்ன கோட்டையா கட்டப்போகிறார்கள்? வீட்டிலிருக்கிற கேபிளையெல்லாம் தரையில் கொட்டி ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் டேட்டா போகிற ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.