அம்மாச்சியின் தலையணை

போன வாரம் ஒரு கைத்தொழில் கண்காட்சியில் சித்தியோடு உட்கார்ந்திருந்தேன். மேசை மேல் சித்தி பின்னிய லேஸ். ஒரு அம்மா எடுத்துப் பார்த்தார், தடவினார், போட்டோ எடுத்தார். "இதெல்லாம் நம்ம பாரம்பரியம், அழிய விடக்கூடாது" என்றார். விலையைக் கேட்டதும், "மெஷின் லேஸ் மீட்டர் இருபது ரூபாய்க்குக் கிடைக்குதே" என்று வைத்துவிட்டுப் போனார். சித்தி ஒன்றும் சொல்லவில்லை. துணியை மறுபடியும் மடித்து வைத்தார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் முளகுமூடு பக்கம். அம்மாச்சியின் அம்மா கான்வென்ட்டில் லேஸ் படித்தவர். அவரிடமிருந்து அம்மாச்சி, அம்மாச்சியிடமிருந்து அம்மாவும் சித்தியும். நான் பாதியில் விட்டவள்.

அம்மாச்சி வீட்டில் லேஸ் பின்ன ஒரு தலையணை இருந்தது, அதில் யாரும் தலை வைக்கக் கூடாது. வைக்கோலை இறுக்கித் திணித்து, கல் மாதிரி இருக்கும். அதன்மேல் துளைபோட்ட டிசைன் காகிதம். ஒவ்வொரு துளைக்கும் ஒரு பித்தளைக் குண்டூசி. இரும்பு ஊசி என்றால் நம்மூர் ஈரக்காற்றுக்குத் துருப்பிடித்து வெள்ளை நூலில் கறை இறங்கிவிடும். ஊசிகளைச் சுற்றி நூல் தொங்கும், ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு மரக்குச்சி. அகலமான பார்டர் என்றால் ஐம்பது, அறுபது குச்சி வரும்.

இத்தனை குச்சி இருந்தாலும் கைக்குத் தெரிய வேண்டிய அசைவு இரண்டே இரண்டு. ஒரு நேரத்தில் நாலு குச்சியை எடுப்பார். நடுவில் இருக்கிற இரண்டில் இடதை வலதின் மேல் போடுவது ஒன்று. அப்புறம் ஜோடிக்கு ஜோடி வலதை இடதின் மேல் போட்டுத் திருகுவது இன்னொன்று. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டே பூ, இலை, வலை எல்லாம் வரும். "மக்ளே, குச்சியப் பாக்காத, ஊசியப் பாரு" என்பார். நான் குச்சியைத்தான் பார்ப்பேன், எண்ணிக்கை தப்பும். முகம் சுளிக்காமல் கடைசி ஊசி வரைக்கும் அவிழ்த்துத் திரும்பத் தருவார். மீன்குழம்பு வைக்காத நாள் கிடையாது எங்கள் வீட்டில். மீன் அரிந்த கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்து, வாடை போன பிறகுதான் தலையணைப் பக்கம் வருவார்.

இதை எல்லாரும் "சும்மா இருக்கிற நேரத்தில் பின்னியது" என்றார்கள். தாத்தாவும் அப்படித்தான் சொல்வார். ஆனால் சித்திக்கும் அம்மாவுக்கும் பள்ளிக்கூட பீஸ் கட்டியது அந்தத் தலையணை. நூலைக் கொடுத்து, கெஜக் கணக்கில் கூலி போட்ட ஒரு வியாபாரி, ஒருதடவை கறை என்று சொல்லி மூன்று மாத வேலைக்குப் பாதிப் பணம்தான் தந்தாராம். அம்மாச்சி அதைக் கடைசி வரைக்கும் மறக்கவில்லை.

நம் மாவட்டத்துக்கு லேஸ் வந்த கதையிலேயே கூலிதான் இருக்கிறது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை இருந்தது, 1855இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே, லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்கள் உண்டு. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலே போடும் தோள்சீலைக்காக 1822இல் தொடங்கிய கலவரம் 1859 வரை மறுபடியும் மறுபடியும் வெடித்த ஊர் இது. தோளில் ஒரு துணி போட உரிமை கேட்டு அடிவாங்கிய காலத்திலேயே, வேறு யாரோ உடுத்தும் துணிக்கு இந்த ஊர்ப் பெண்கள் ஓரம் பின்னிக்கொண்டிருந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். 1897இல் முளகுமூட்டுக்கு பெல்ஜியத்திலிருந்து மதர் மேரி லூயிஸ் தெ மேஸ்டர் வந்து கன்னியர் சபை தொடங்கினார். அந்தக் கன்னியர்கள் வழியாகத்தான் என் பூட்டி வரைக்கும் லேஸ் வந்தது.

மெஷின் வந்ததால் கைவேலை செத்தது என்கிறார்கள். மார்த்தா மால்ட் இங்கே வருவதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் லேஸ் வலை பின்னும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆக, எங்கள் ஊர் லேஸ் பிறந்ததே மெஷின் இருக்கிற உலகத்தில்தான். மெஷினோடு இருநூறு வருஷம் வாழ்ந்த வேலை இது. இப்போது சாகிறதென்றால், ஒரு நாள் முழுக்கக் குனிந்து பின்னுகிறவளுக்கு அந்த நாளின் கூலி கிடைக்காததால்தான். அம்மா அதனால்தான் விட்டார். முந்திரி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வாரக்கூலி ஒழுங்காக வந்தது. அவரைப் பார்த்து "பாரம்பரியத்தை விட்டுட்டீங்களே" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்று தாயைக் கேட்காதீர்கள். பேரம் பேசாமல் எத்தனை தடவை வாங்கினோம் என்று நாம் நம்மைக் கேட்டுக்கொள்ளலாம்.

கண்காட்சி முடிந்து வந்த அன்று ராத்திரி சித்தியிடம் ஒரு நோட்டு கொடுத்தேன். பின்ன உட்காரும் நேரம், எழுந்திரிக்கும் நேரம் இரண்டையும் எழுதச் சொன்னேன். "இதெல்லாம் எதுக்கு மக்ளே" என்று முதலில் மறுத்தார். கோயில் பீடத்துணிக்கு இப்போது ஒரு ஆர்டர் வந்திருக்கிறது. நேற்றுப் போனபோது எடுத்துப் பார்த்தேன். ஒன்பது நாளில் நாற்பத்தோரு மணி நேரம். துணி இன்னும் பாதிகூட ஆகவில்லை. சித்தி அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவ்வளவா?" என்றார்.