கல்லுப்பு கிணற்றுக்கும் போகும்

"முற்றத்துப் பாசிக்கும் களைக்கும் கல்லுப்பு தூவுங்க, இயற்கைப் பொருள்தானே, கிணற்றுத் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி, உப்புக்குக் களை வாடும். இரண்டாம் பாதி தவறு. தயவுசெய்து கிணற்றுப் பக்கம் இதைச் செய்யாதீர்கள்.

உப்பு மட்கிப் போகாது. அதிலுள்ள குளோரைடை மண் பிடித்து வைப்பதும் இல்லை. மழைத் தண்ணீரோடு அப்படியே கீழே இறங்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கோ வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண்ணில் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்கும் என்று கிணறு உள்ளவர்களுக்குத் தெரியும்.

குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஒரு கிலோ உப்பில் ஏறத்தாழ 600 கிராம் குளோரைடு. அதாவது சுமார் 2,400 லிட்டர் நல்ல தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோக ஒரு கிலோ போதும். கடற்கரை ஊர்க் கிணறுகளில் ஏற்கெனவே உப்பு ஏறிக் கிடக்கிறது, அங்கே இன்னும் மோசம். பனி உருகச் சாலையில் உப்புப் போடும் அமெரிக்கா, கனடாவிலும் சாலையோரக் கிணறுகள் உப்பாகியிருக்கின்றன.

கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது. வீட்டில் பிரஷர்காரர்கள் இருந்தால் இன்னும் யோசியுங்கள்.

பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளுங்கள். களையை மழை விட்டதும் வேரோடு பிடுங்கலாம், தரையிடுக்கில் என்றால் கொதிநீர் ஊற்றலாம். தென்னைக்கு உப்பு வைப்பவர்களும் கிணற்றோர மரத்தை விட்டுவிடுங்கள்.