இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிந்தால் நியூட்ரலைப் பாருங்கள்

சாக்கெட்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் (மின்சாரம் இருந்தால் எரியும் சிறு விளக்குள்ள திருப்புளி) எரிந்தால், மின்சாரம் வரும் ஃபேஸ் வயர் அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரோடு ஒட்டியிருக்கிறது என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அது சரியல்ல. அப்படி ஒட்டியிருந்தால் எம்சிபி (அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானாக அணையும் சுவிட்ச்) அந்த நொடியே விழுந்திருக்கும். பெரும்பாலும் வழியில் எங்கோ நியூட்ரல் அறுந்திருக்கும். அதற்கு அப்பால் சுவிட்ச் போட்டபடி இருக்கும் ஒரு விளக்கின் வழியாகவோ மின்விசிறியின் வழியாகவோ ஃபேஸ் சுற்றிவந்து நியூட்ரல் துளையிலும் நிற்கும். அந்தச் சுற்றில் உள்ள சுவிட்சுகளை எல்லாம் அணைத்து, பிளக்குகளையும் கழற்றிவிட்டுப் பார்த்தால் இரண்டாவது துளையில் டெஸ்டர் அணைந்துவிடும். சில வேளைகளில் பக்கத்து வயரின் தூண்டலால் அது மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும் என்பதால், மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளப்பதே நம்பகமானது.

எங்கள் வீட்டில் வரிசையாக இருந்த மூன்று சாக்கெட்டுகளில் முதலாவது மட்டும் வேலை செய்தது. மெயினை அணைத்து அந்த முதல் சாக்கெட்டைக் கழற்றியபோது, நியூட்ரல் முனையில் ஒரே திருகின் கீழ் திணித்திருந்த இரண்டு வயர்களில் அடுத்த சாக்கெட்டுக்குப் போகும் வயர் கறுத்து, உறை உருகி, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. பழுது செத்த சாக்கெட்டில் இல்லை, அதற்கு முந்தையதில் இருந்தது.

நியூட்ரல் கிடைக்காத இடத்தில், கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் வயரையே நியூட்ரலாக இணைத்துச் சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை யாரும் செய்ய வேண்டாம். அந்த எர்த் எங்காவது அறுந்தால், அதோடு இணைந்த கருவிகளின் உலோக உடம்பு முழுவதும் ஃபேஸ் ஏறிவிடும்.