தாயானால் சம்பளம் ஏன் குறைய வேண்டும்?

"குழந்தை பிறந்த பிறகு பெண்களுக்கு வேலையில் கவனம் இருப்பதில்லை" என்று மேலாளர் ஒருவர் சொன்னால், கூட்டத்தில் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. நான் மறுக்கிறேன்.

2007-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஷெல்லி கோரலும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தகுதியில் சமமான கற்பனை விண்ணப்பங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். சிலவற்றில் மட்டும் விண்ணப்பித்தவர் ஒரு தாய் என்று தெரியும்படி ஒரு குறிப்பு. மதிப்பிட்டவர்கள் அந்தத் தாய்க்குத் திறமையும் ஈடுபாடும் குறைவு என்றார்கள். தொடக்கச் சம்பளமாகவும் ஆண்டுக்குச் சுமார் 11,000 டாலர் குறைத்தே பரிந்துரைத்தார்கள். தந்தையருக்கு அப்படிக் குறைக்கவில்லை. இல்லாத ஒரு பெண், ஒரு நாள்கூட வேலை செய்யாத பெண், அவளிடம் என்ன குறையைக் கண்டார்கள்?

நம் நாட்டுக்கு வருவோம். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பது? இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் வரம்புக்குள், அதாவது மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. கொடுக்கிறது. அதற்கு மேல் வாங்குபவருக்கு முதலாளி ஒருவரே முழுதும் சுமக்க வேண்டும். பத்துப் பேர் வேலை பார்க்கும் சிறு அலுவலகத்துக்கு இது பெரிய தொகை. நேர்முகத் தேர்வில் "கல்யாணம் எப்போது? குழந்தை எப்போது?" என்ற அருவருப்பான கேள்விகளுக்கு இதுவும் ஒரு காரணம். தனி முதலாளி தலையில் இச்செலவை வைக்கக் கூடாது, சமூகக் காப்பீடு மூலமோ அரசு நிதியிலோ கொடுக்க வேண்டும் என்பதுதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பொதுவிதி. இ.எஸ்.ஐ. சம்பள வரம்பை மகப்பேற்றுக்கு மட்டுமாவது நீக்குங்கள்.

தந்தைக்கு? மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள். தனியார் துறையில் சட்டப்படி எதுவும் இல்லை. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், தங்கள் வீட்டு வேலைகளைச் செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அதைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். கவனம் சிதறுகிறதாம்! இத்தனையும் முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் வந்து உட்காருபவளைப் பார்த்து இப்படிச் சொல்ல எப்படி மனம் வருகிறது?

இன்னொரு கொடுமை, ஆண்டு மதிப்பீடு. பல இடங்களில் விடுப்பிலிருந்த மாதங்களையும் சேர்த்து "எதிர்பார்ப்புக்குக் கீழே" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஆண்டு ஊதிய உயர்வு போகிறது, அடுத்த ஆண்டுகளின் உயர்வும் அந்தக் குறைந்த தொகையின் மீதே கணக்கிடப்படுகிறது. அவள் வேலை பார்த்த மாதங்களுக்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள். இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை, மனிதவளத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.