ராக்ஸ்டாருக்கு இன்க்ரிமென்ட் எவ்வளவு சார்?

எங்கள் ஆபீஸ் குரூப்பில் யாராவது தும்மினால்கூட ‘ஆஸம்’ வந்து விழுகிறது. லீவ் மெயிலை நேரத்துக்கு அனுப்பினவன் ‘லெஜண்ட்’. புரொஜெக்டர் வயரைச் சரியான ஓட்டையில் சொருகினவள் ‘ஜீனியஸ்’. மதியம் பிரியாணி ஆர்டர் போட்டவன் ‘கோட்’. அதாவது, ‘கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’. உலகம் தோன்றிய நாள் முதல் பிரியாணி ஆர்டர் போட்ட அத்தனை பேரிலும் தலைசிறந்தவன்!

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் என் டீமில் ஒரு பையனுக்கு நடந்ததைப் பார்த்ததிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் ஆப்பில் சிலருக்கு ஒரே பில்லுக்கு ரெண்டு தடவை காசு பிடித்துக்கொண்டிருந்தது. எப்போதாவதுதான் நடக்கும். நாங்கள் சோதித்துப் பார்த்தால் சமர்த்தாக வேலை செய்யும். இந்தப் பையன் அதிகம் பேசமாட்டான், ஆப் செய்வதையெல்லாம் குறித்துவைக்கும் லாகை வரி வரியாகப் படித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கடைசியில் பிடித்துவிட்டான். நெட் மந்தமாக இருக்கும்போது, பேங்கிலிருந்து பதில் வருவதற்குள் எங்கள் ஆப் பொறுமை இழந்து அதே கோரிக்கையை மறுபடி அனுப்புகிறது. பேங்க் அதைப் புதிதென்று எடுத்துக்கொண்டு மறுபடியும் காசைப் பிடிக்கிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் பணத்தைத் தொடாமல் பழைய பதிலையே தரும்படி மாற்றினான். எழுதியது ஒரு பக்கம்கூட இருக்காது. அந்த ஒரு பக்கத்தை எங்கே வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தானே, அதுதான் வித்தை.

மேனேஜர் குரூப்பில் போட்டார்: “ராக்ஸ்டார்! யூ கில்ட் இட்!” பக்கத்தில் மூன்று நெருப்பு பொம்மை. சரி, சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் ஹெச்ஆரில் ஒருவர் ரிசப்ஷனில் போட்ட பூக்கோலத்தின் படம் வந்தது. “ராக்ஸ்டார்! யூ கில்ட் இட்!” அதே மூன்று நெருப்பு. கோலம் நன்றாகத்தான் இருந்தது, அதைக் குறை சொல்லவில்லை. மேனேஜர் ரெண்டையுமே பார்க்கவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

‘தமிழில் பாராட்டினால் என்ன’ என்று நான் கொடி பிடிப்பதாக யாரும் கிளம்பிவிட வேண்டாம். நம் சபாஷே பாரசீகத்திலிருந்து வந்ததுதான். ஆனால் கச்சேரியில் சபாஷ் எப்போது விழும் என்று கவனித்திருக்கிறீர்களா? ஒரு சங்கதி எதிர்பாராத இடத்தில் திரும்பி, தாளத்தில் கச்சிதமாக வந்து உட்காரும் அந்த நொடியில் முன்வரிசை மாமா தொடையில் தட்டிக்கொண்டே சொல்வார். அரை நொடி தப்பினாலும் மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று பாடுகிறவருக்கே தெரிந்துவிடும். சமையலுக்குக் கைப்பக்குவம், பாட்டுக்குச் சுருதி சுத்தம் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பேச்சு இருந்தது. ஆங்கிலத்திலும் இருக்கிறது. ஜாஸ் வாசிக்கிறவர்கள் ஒருவரின் திறமையை ‘சாப்ஸ்’ என்பார்கள். சாப்ஸ் என்றால் வாய், தாடை. டிரம்பெட் ஊதுகிறவருக்கு உதட்டிலும் தாடையிலும் வலு ஏறினால்தான் வாசிப்பு நிற்கும், அங்கிருந்து வந்த சொல். பக்கத்தில் நின்று பார்த்தவன் வாயில்தான் அப்படி ஒன்று பிறக்கும்.

இந்தக் கோட் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ‘கோட்’ என்றால் ஆடு. அமெரிக்க விளையாட்டு உலகில் அது வெகுகாலம் வசவு, தோல்விப் பழியைச் சுமக்கிற பலிகடா. 1986 பேஸ்பால் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் பாஸ்டன் அணியின் பில் பக்னர் கால்களுக்கு நடுவே பந்தை விட்டார். பல வருஷம் அவரை அந்தப் பழி துரத்தியது. இன்னொரு பக்கம் குத்துச்சண்டை வீரர் முகமது அலி, ‘நானே மாபெரும் வீரன்’ என்று ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். 1992இல் அவர் மனைவி லோனி, ‘கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ என்பதன் முதலெழுத்துகளான ஜி, ஓ, ஏ, டி என்ற நான்கு எழுத்துகளிலேயே ஒரு கம்பெனி பதிவு செய்தார். 2018இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியிலும் ஏறிவிட்டது. அலி சொல்லிக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்றதற்காகப் பட்டத்தைப் பிடுங்கினார்கள். 1964இல் வென்றவர், 1974இலும் 1978இலும் மறுபடி ஜெயித்துக் காட்டினார். அந்த ஆளுக்குத் தைத்த சட்டையை எங்கள் ஆபீஸில் பிரியாணிக்கு மாட்டிவிடுகிறார்கள்.

2024 டிசம்பரில், சிங்கப்பூரில், 18 வயது குகேஷ் செஸ் உலகச் சாம்பியன் ஆனார். பதினான்காவது, கடைசி ஆட்டம். டிராதான் என்று பெரிய தலைகளே சொல்லிக்கொண்டிருந்த நிலையில் விடாமல் நகர்த்தி அழுத்தம் கொடுத்து, டிங் லிரென் ஒரு யானையைத் தப்பான கட்டத்தில் வைக்கிறவரை காத்திருந்தார். அன்றைக்கும் எங்கள் குரூப்பில் வந்தது ‘ஃபயர்’, ‘இன்சேன்’, ‘பீஸ்ட்’. நெருப்பு, பைத்தியம், மிருகம். அந்த யானையைப் பற்றி ஒரு ஆள், ஒரு வார்த்தை? ம்ஹூம்.

அப்புறம் வந்தது அப்ரைசல், வருஷத்து வேலையை எடைபோடும் சடங்கு. வருஷம் முழுக்க ராக்ஸ்டார், லெஜண்ட் என்று தட்டிக்கொண்டிருந்த அதே மேனேஜர் பையனைக் கூப்பிட்டு, “இந்த வருஷம் நீ என்னென்ன பண்ணேன்னு ஒரு நாலு பாயிண்ட் எழுதிக் கொடுப்பா” என்றார். ஒன்றுகூட ஞாபகம் இல்லை! எழுதிக் கொடுத்தான். வந்த ரேட்டிங்: ‘மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’. ஆகப் பெரிய ராக்ஸ்டார் எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்திருக்கிறார், அவ்வளவுதான். எனக்குப் பொறுக்கவில்லை. நேராகப் போய்க் கேட்டேன். “அவன் லெஜண்ட்தான், நான் இல்லைன்னு சொல்லலையே. பட்ஜெட் டைட்” என்றார். பட்ஜெட் டைட் என்பது எனக்குப் புரிகிறது. நெருப்பு பொம்மைக்கு பட்ஜெட் இல்லை என்பதால்தானே அதை அள்ளி வீசுகிறீர்கள்? ஒரே ஒரு நாள் அவன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, ‘இந்த எண்ணை ஏன் இங்கே உருவாக்கினே, அங்கே பண்ணியிருந்தா என்ன ஆகும்’ என்று கேட்டிருந்தால் அதற்கும் காசு ஆகியிருக்காது சார்.

பையன் இப்போது வெளியே இன்டர்வியூக்குப் போய்வருகிறான். ஒரு இடத்தில் ஒரு அம்மா, மற்ற கேள்வியெல்லாம் விட்டுவிட்டு, அந்த ரெண்டு தடவை காசு பிடித்த விஷயத்தையே முக்கால் மணி நேரம் குடைந்து குடைந்து கேட்டாராம். நடுவில் ஒரு இடத்தில் “இது எனக்குத் தோணியிருக்காதுப்பா” என்றாராம். அதை என்னிடம் சொல்லும்போது பையன் வாயெல்லாம் பல். ஆஃபர் வந்தால் யோசிக்காமல் போய்ச் சேரு என்று சொல்லிவிட்டேன்.