மலை ஏற பவர் பெட்ரோல் எதுக்குங்க?

சீசன் வந்துட்டா மேட்டுப்பாளையம் பங்க்ல ஒரே டயலாக்தான், "அண்ணா ஊட்டி ஏறணும், பவர் போட்டு விடுங்க". பவர்னா ஆக்டேன் நம்பர் கூடுன பெட்ரோல், சாதாவை விட விலையும் கூட, போடறவரு எதுக்கு வேண்டாம்னு சொல்லப் போறாரு. நம்ம குன்னூர் ஆளுங்களே கீழ போனா பவர் ஃபுல் பண்ணிட்டு வர்றாங்க. என்னைக் கேட்டா முக்கால்வாசி பேருக்கு அது தண்டச் செலவுங்க.

ஆக்டேன் கூடுனா வண்டி நல்லா இழுக்கும்னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அங்கதான் கோளாறே. சிலிண்டர்ல பிளக் பத்த வச்ச தீ முழுசா பரவறதுக்குள்ள மூலையில மிச்சம் கிடக்கற கலவை சூட்டுலயும் அழுத்தத்துலயும் தானா வெடிச்சா அதுக்குப் பேரு நாக்கிங், இன்ஜின் தட்டுதுன்னு சொல்வோம், தகர டப்பால ஆணி போட்டு குலுக்கற மாதிரி ஒரு சத்தம் வரும். அப்படி வெடிக்காம எவ்வளவு தூரம் தாங்கும்ங்கறதுதான் 91, 95, 100ங்கற நம்பர் எல்லாம். 91லயே தட்டாம ஓடற இன்ஜினுக்கு 95 ஊத்துனா புதுசா ஒரு குதிரை வந்து பூட்டிக்காது.

நம்பலைன்னா இ20ஐ, அதான் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலைப் பாருங்க. எத்தனால் ஆக்டேன் 108 கிட்ட, அதைக் கலந்ததால சாதா பெட்ரோலே இப்ப 95 வருதுன்னு மத்திய அரசே சொல்லுது. ஆனா மைலேஜ் குறையுதுன்னுதானே ஊரே புலம்புது? ஏன்னா லிட்டருக்கு லிட்டர் எத்தனால்ல சக்தி மூணுல ஒரு பங்கு கம்மி. ஆக்டேன் ஏறுச்சு, சக்தி இறங்குச்சு. ரெண்டும் வேற வேறன்னு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

இன்னொரு கூத்து, மேல ஏற ஏற இன்ஜினுக்கு ஆக்டேன் தேவை குறையத்தான் செய்யும். ஊட்டி 2,240 மீட்டர், இங்க காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல முக்கால் பங்கு சொச்சம்தான், சிலிண்டருக்குள்ள போற காத்தே கம்மி, அழுத்தமும் கம்மி, அப்புறம் எங்க இருந்து தட்டும்? அமெரிக்கால கொலராடோ மாதிரி மலை மாநிலத்துல மத்த இடத்துல 87 விக்கற சாதா பெட்ரோலை 85னு விக்கறாங்க (அவங்க கணக்கு வேற, அந்த 87 நம்ம 91 கிட்ட வரும்). தொட்டபெட்டா ஏறும்போது வண்டி திணறுதுன்னா அது காத்து பத்தாம திணறுது, 100 ஆக்டேன் ஊத்துனாலும் அந்தக் காத்து திரும்பி வராது. டர்போ வண்டி மட்டும் விதிவிலக்கு, அது காத்தை அமுக்கி உள்ள தள்ளிக்கும், அதனால மேலயும் தெம்பா ஏறும், ஆக்டேன் தேவையும் அவ்வளவா குறையாது.

நாக்கிங் வர்ற இடம் எதுன்னா கல்லாறுல இருந்து பர்லியார் வரைக்கும் இருக்கற ஏத்தம். கீழ வெயில் கொளுத்துது, வண்டில அஞ்சு பேரு, கேரியர்ல மூட்டை, ஏசி வேற, இதுல மூணாவது கியர்லயே மிதிச்சு மிதிச்சு ஏத்துனா கடகடன்னு தட்டத்தான் செய்யும். ரெண்டாவது போடுங்க, சத்தம் நின்னுடும், பைசா செலவில்லை. டேங்க் மூடிக்கு உள்பக்க ஸ்டிக்கரையும் மேனுவலையும் ஒருதடவை படிங்க. 91, 95 எதுன்னு போட்டிருந்தாலும் இப்ப சாதாவே போதும், அதுக்கு மேல கேக்கற வண்டின்னா மட்டும் அது கேக்கற ஆக்டேனைப் போட்டே ஆகணும், அதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. பவர்ல கிளீனிங் அடிட்டிவ் இருக்கேன்னு கேப்பீங்க, இருக்கு, எப்பவாச்சும் ஒரு டேங்க் போட்டுக்கங்க, யாரு வேண்டாம்னா.

எனக்கு ஆக்டேனை விட பயம் தண்ணிதான். நம்ம ஊரு மழையும் மிஸ்ட்டும் தெரியும்ல. எத்தனால் தண்ணியை இழுத்து வச்சுக்கும், அளவு மீறுனா ரெண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு டேங்க் அடியில போய் உக்காந்துக்கும், பம்ப் உறியறதும் அடியில இருந்துதான். கோத்தகிரி பக்கம் பங்களா வாங்கி காரை மாசக்கணக்குல நிறுத்திட்டுப் போறவங்க அரை டேங்க்ல விட்டுட்டுப் போகாதீங்க, முழுசா நிரப்பிட்டுப் போங்க, உள்ள ஈரக் காத்துக்கு இடம் கம்மியாகும்.

பங்க்ல கலப்படமோன்னு சந்தேகம்னா ஃபில்டர் பேப்பர் கேளுங்க, கேட்டா குடுத்தாகணும். ஒரு சொட்டு விட்டு ரெண்டு நிமிஷத்துல கறையில்லாம காஞ்சா சரி, லேசா பிங்க் நின்னா அது பெட்ரோல் கலர்தான், பயப்படாதீங்க. டென்சிட்டியும் (அடர்த்தி) பாக்கலாம், 15 டிகிரில கன மீட்டருக்கு 720ல இருந்து 775 கிலோவுக்குள்ள இருக்கணும். மேட்டுப்பாளையத்துல மத்தியானம் அளந்தா சூட்டுக்கு ஏத்த அட்டவணை பாத்து திருத்தணும், ஊட்டில காலைல அளந்தா திருத்தம் பெருசா வராது. பில்லு மட்டும் மறக்காம வாங்கிக்கங்க, அப்புறம் தகராறுன்னா கைல காட்ட அதுதான் இருக்கும்.