வேளாண் மசோதா: எம்.பி. வாரியாக ஓட்டுக் கணக்கே கிடையாது

சென்னையின் மூன்று மக்களவை உறுப்பினர்களும் எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று ஓர் அட்டவணை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 2020 வேளாண் மசோதாக்களுக்கு நேரே மூவருக்கும் பச்சை டிக். இது தவறு.

அந்த மசோதாக்கள் இரு அவைகளிலும் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறின. 'ஆம்', 'இல்லை' என்ற சத்தத்தைக் கேட்டு அவைத்தலைவர் முடிவு சொல்வார். யார் பெயரும் பதிவாகாது. மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் டிவிஷன் (ஒவ்வொருவர் ஓட்டையும் பெயரோடு பதிந்து எண்ணும் முறை) கேட்டும் நடக்கவில்லை. பிறகு டிக் எங்கிருந்து வந்தது? போட்டவருக்கே வெளிச்சம்.

உறுப்பினர் கேட்டு, அவைத்தலைவர் டிவிஷன் நடத்தினால்தான் பெயர்வாரிப் பட்டியல் கிடைக்கும். 2019 குடியுரிமைத் திருத்த மசோதா மக்களவையில் 311-80 என அப்படிப் பதிவானது. அரசமைப்புத் திருத்தத்துக்குச் சிறப்புப் பெரும்பான்மை தேவை என்பதால் எண்ணியே ஆக வேண்டும்: 2023 மகளிர் இடஒதுக்கீடு, 454-2.

சரிபார்க்க, நாடாளுமன்ற இணையதளத்தில் அந்த நாளின் விவாதப் பதிவைத் திறந்து டிவிஷன் பட்டியலைப் பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லாததை எதிர்ப்பு என்று எண்ணாதீர்கள். வெளிநடப்பாகவோ விடுப்பாகவோ இருக்கலாம். எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவை மீறினால் பதவியே பறிபோகலாம் என்பதால், பதிவான ஓட்டும் பெரும்பாலும் கட்சியின் ஓட்டுதான்.